துன்பம் கலவாத நகைச்சுவை உண்டா?

இவ்வடநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு நான் வந்த முதல் வாரம். விடுதி உணவறையில் என் புத்தகத்தைக் காணாமல் தேடி, 'மேரா கிதாப்' எங்கே என்று கேட்டுவிட்டேன். மேசை முழுதும் சிரித்தது. இந்தியில் புத்தகம் பெண்பாலாம். 'மேரீ' என்றிருக்க வேண்டுமாம். உயிரற்ற பொருள் அனைத்தையும் அஃறிணை என்று ஒதுக்கிப் பழகிய நமக்கு இது எங்கே தெரியும்? அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருவர் இடறாமல் சிரிப்பே பிறக்காதா என்னும் ஐயந்தான் பிறந்தது.

நகைப்புக்குரியது ஒருவகைக் குறை. ஆனால் நோவும் அழிவும் தராத குறை என்றார் அரிஸ்டாட்டில். 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹாப்ஸ் இன்னும் கடுமையானவர். பிறர் தாழ்வைக் கண்டதும் 'நாம் மேல்' எனத் திடீரென எழும் பெருமிதமே சிரிப்பு என்பது அவர் கொள்கை. கான்ட் 1790-இல் வேறு காரணம் கூறினார். எதையோ எதிர்பார்த்து நிற்கும் மனத்துக்கு அது ஒன்றுமில்லை என்று ஆகிவிடும்போது சிரிப்பு வருகிறதாம். இதில் தாழ்ந்துபோனவர் எவருமில்லை.

கான்ட் பக்கம் சாயவே எனக்கு ஆசை. ஆனால் காளமேகம் பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே வெண்பாவில் சிலேடையாக்கும்போது 'ஆகா' என்கிறோமே தவிர, வயிறு குலுங்கச் சிரிப்பதில்லை. அவருக்கும் வசை பாடியதால்தானே பெயர் நிலைத்தது!

நம் உணவறை வேடிக்கை ஒன்றையே எடுத்துக்கொள்வோம். தேநீரில் 'பால்' வேண்டும் என்கிறார் தமிழர், பரிமாறுபவர் திகைக்கிறார். சற்று அழுத்தி ஒலித்தால் இந்தியில் அது தலைமயிர். வெறும் சொல் விளையாட்டுத்தானே என்பீர்கள். ஆய்வுக்கூடத்தில் செய்வதுபோல் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். அச்சொல்லுக்கு இந்தியில் 'ஏலக்காய்' என்று பொருள் இருந்தால் யார் சிரிப்பார்கள்? தேநீரில் மயிர் விழுந்தாக வேண்டும்; ஆனால் யாரும் அதைக் குடித்துவிடக் கூடாது.

மூன்று நான்கு மாதக் குழந்தை எள்ளல் அறியாது, ஆயினும் சிரிக்கிறது. தாய் முகத்தை மூடித் திறந்தால் குழந்தைக்குக் கொண்டாட்டம். அறியாதவர் அதையே செய்தால் வீரிட்டு அழக்கூடும். 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் நாகேஷ் கதை சொல்லச் சொல்லப் பாலையா நடுங்குகிறாரே, அங்கும் நடந்த தீங்கு ஒன்றுமில்லை. ஆகவே குறையோ அச்சமோ ஒரு துளி வேண்டும். துன்பம் வேண்டியதில்லை என்பதே என் எண்ணம்.

தொல்காப்பியர் நகைக்கு நான்கு நிலைக்களன் கூறுகிறார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். முதலாவதில்தான் பகை நுழைய இடமுண்டு, மற்றவை கள்ளமற்றவை. அந்த எள்ளலையும் உரையாசிரியராகிய பேராசிரியர் இரண்டாகப் பிரிக்கிறார்: தான் பிறரை எள்ளி நகுதல் ஒன்று, பிறர் தன்னை எள்ளும்போது தான் நகுதல் மற்றொன்று. ஹாப்ஸின் கொள்கையில் இந்த இரண்டாவதற்கு இடம் எங்கே?

இவ்வாண்டு புதிதாய் வந்த தம்பி ஒருவர் அதே மேசையில் 'மேரா சாபீ' என்று சாவியைத் தேடினார். எல்லாரும் சிரித்தார்கள், வெட்கத்துடன் சொல்கிறேன், நானும் சிரித்தேன். அவர் தலை குனிந்துகொண்டார். பிறகு அவர் அறைக்குப் போய் என் புத்தகக் கதையைச் சொன்னேன். "சாவியும் பெண்பால்தானா அண்ணா? அப்படியானால் பூட்டு?" என்று கேட்டார். ஆண்பால் என்றேன். இருவரும் சிரிக்கத் தொடங்கியவர்கள், பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டும்வரை நிறுத்தவில்லை.