முயலுக்குப் பல் வலித்தால்

எங்கள் வீட்டு முயல் அல்லியின் கீழ்த்தாடையில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு வீக்கம். முதலில் பார்த்தவள் மகள்தான். "சின்னக் கட்டிதான், வீட்டில் இருக்கும் அமாக்சிசிலினில் துளி கொடுத்தால் அமுங்கிவிடும்" என்றேன். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்! நல்லவேளை, மனைவி கால்நடை மருத்துவருக்குத் தொலைபேசினாள். "வாய்வழியே கொடுத்தால் அந்த மருந்தே கொன்றுவிடும்" என்றாராம்.

முயலின் செரிமானம் குடலில் வாழும் நுண்ணுயிர்களை நம்பியது. பென்சிலின் வகை மருந்துகள் வாய்வழியே போனால் நல்லவை அழிந்து, நஞ்சு சுரக்கும் கிளாஸ்டிரிடியம் பெருகிவிடும். அதே பென்சிலினைத் தோலுக்கடியில் ஊசியாகப் போடுகிறார்கள், மருத்துவர் மேற்பார்வையில்தான்.

சரி, கட்டி ஏன் வந்தது? முயலுக்கு 28 பற்கள். அத்தனையும் ஆயுள் முழுக்க வளர்பவை. புல்லை அரைத்து அரைத்துத்தான் தேய வேண்டும். நாங்களோ பெல்லட்டும் காரட்டுமாகக் கொடுத்துச் செல்லம் கொஞ்சினோம். தேயாத கடைவாய்ப்பல்லின் வேர் தாடையெலும்புக்குள் நீண்டு, கிருமி புகுந்து, சீழ் பிடித்துவிட்டது. எக்ஸ்ரேயில் அது தெளிவாகவே தெரிந்தது.

நமக்கு வரும் கட்டியைக் கீறிவிட்டால் சீழ் வழிந்துவிடும். முயலின் சீழ் வழியாது. பற்பசை போலக் கெட்டியானது. சுற்றிலும் தடித்த உறை வேறு. மருந்து உள்ளே போவதே கடினம். அதனால் உறையோடு கட்டியை எடுத்து, கெட்ட பல்லைப் பிடுங்கி, பாதித்த எலும்பையும் சுரண்டினார்கள். புண்ணை மூடாமல், ஓரங்களை மட்டும் தைத்துத் திறந்தே விட்டார்கள், தினமும் கழுவுவதற்காக.

இன்னொன்று. அறுவைக்கு முன் நம்மைப் பட்டினி போடுவார்கள். முயலால் வாந்தி எடுக்க முடியாது. பட்டினி கிடந்தால் குடல் இயக்கம் நின்று உயிருக்கே ஆபத்து. எனவே கடைசிவரை சாப்பிடலாம். வலி இருந்தால் சாப்பிடாது என்பதால் வலிநிவாரணியும் அவசியம்.

மயக்கம் தெளிந்தும் அல்லி எதையும் தொடவில்லை. இரண்டு நாள், ஊசியில்லாத சிரிஞ்சால் கரைத்த உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினோம். மூன்றாம் நாள் இரவு ஒரு புல் தாளைக் கடித்து இழுத்தது. மகள் கைதட்டினாள்.

இத்தகைய கட்டி திரும்பவும் வரலாம் என்று எச்சரித்திருக்கிறார்கள். இப்போது கூண்டில் எந்நேரமும் உலர்புல் உண்டு. வாரம் ஒருமுறை தாடையைத் தடவிப் பார்க்கிறேன். உங்கள் வீட்டிலும் முயல் இருந்தால், இன்றைக்கே தடவிப் பாருங்களேன்.