தோல்முட்டையும் கோழித் தீனியும்

சென்ற கோடையில் ஒரு நெசவாளர் சங்கத்தைப் பார்வையிடச் சென்றிருந்தோம். அலுவல் முடிந்தபின் அங்கத்தினர் ஒருவர் நம்மைத் தம் புறக்கடைக்கு அழைத்துச் சென்று, ஓடே இல்லாமல் தோலால் மாத்திரம் மூடப்பட்ட முட்டையொன்றைக் காட்டினார். இது வீட்டுக்கு ஆகாதென்று பெரியவர்கள் சொன்னதால், நன்றாக இட்டுவந்த இரண்டு பெட்டைகளை அதற்குள் அறுத்துவிட்டிருந்தார். மூன்றாவது பெட்டை கூடையின்கீழ்க் காத்திருந்தது.

தீனி யாது என வினவினோம். நொய்யும் மிச்சச் சோறும் என்றார். குற்றம் கோழியினுடையதன்று என்பது அப்போதே விளங்கிவிட்டது.

முட்டையோட்டில் நூற்றுக்கு 94 பங்கு சுண்ணாம்புக்கல்லின் பொருளே. ஓர் ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும். அரிசியில் 100 கிராமுக்கு அது 10 மில்லிகிராம் அளவே உள்ளது. அரிசியைக் கொண்டே ஓடு கட்டுவதானால் கோழி நாளொன்றுக்கு 20 கிலோ தின்றாக வேண்டும்! கேழ்வரகு எவ்வளவோ மேல். எனினும் அதிலும் 350 மில்லிகிராம் அளவுதான். தீனியில் கிடைக்காததைக் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. வரவு இன்றிக் காப்பு நிதியைக் கரைக்கும் சங்கத்தின் கதைதான் இதுவும். முதலில் ஓடு மெலியும், பின்னர் தோல்முட்டை, அதன்பின் கால்கள் தளரும். பகலெல்லாம் கூடையின்கீழ் அடைபட்ட கோழிக்கு வெயிலும் கிட்டுவதில்லை. வெயிலால் உண்டாகும் உயிர்ச்சத்து 'டி' இன்றி, தின்ற சுண்ணாம்பும் உடலில் சேராது.

கிளிஞ்சலையோ, கழுவி வறுத்த முட்டையோட்டையோ பொடித்துத் தனிச்சட்டியில் மாலையில் வைத்தால் போதும். ஓடு கட்டும் வேலை பெரும்பாலும் இரவில் நடைபெறுகிறது. தனக்கு வேண்டியதைக் கோழியே அறிந்து கொத்தும். வெற்றிலைச் சுண்ணாம்பு கூடவே கூடாது. வாயையும் குடலையும் புண்ணாக்கும். முட்டையிடும் கோழிக்கான தீவனத்தைக் குஞ்சுகளுக்குத் தொடர்ந்து இடுவதும் தவறு. மிகுதியான சுண்ணாம்பு அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். நாம் கண்ட மூன்றாவது பெட்டை மூன்று வாரத்தில் நல்ல ஓட்டுடன் இட்டதாக அங்கத்தினர் எழுதியிருந்தார். அறுத்த இரண்டைப் பற்றி அவர் ஒன்றும் எழுதவில்லை.

தீனி சரியாக இருந்தும் ஓடு மெலிவதுண்டு. கடும் வெப்பத்தில் கோழி வாய்திறந்து இளைக்கும்போது, ஓட்டுக்கு வேண்டிய கரியமிலவாயு மூச்சோடு வெளியேறிவிடுகிறது. நிழலும் குளிர்ந்த நீரும் இதற்கு மருந்து. ஆனால் பல கோழிகள் ஒருங்கே தோல்முட்டை இட்டு, மூச்சுத் திணறலும் பச்சைக் கழிச்சலும் கண்டால், அது இராணிக்கேட் வியாதியாகலாம். தாமதமின்றிக் கால்நடை மருத்துவரை அழைக்க.

இளம்பெட்டை இரட்டைக்கரு முட்டை இடுவதில் அஞ்சத்தக்கது ஒன்றுமில்லை. மஞ்சட்கரு பாசி நிறமாக மாறினால், பருத்தி விளைவிக்கும் அங்கத்தினர்கள் தம் தீனித் தொட்டியைப் பார்க்க வேண்டும். பருத்திக்கொட்டையிலுள்ள காசிப்பால் என்னும் பொருள் கருவை அவ்வாறு நிறம் மாற்றவல்லது. அப்பிண்ணாக்கை மாட்டுக்கே விட்டுவிடலாம்.