கூடி எழுதும் நிரல்

நுழையும்முன்

கல்லூரியில் கணினி நிரலாக்கம் பயிலும் மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒரு செயல்திட்டத்தை முடிக்க வேண்டிய பருவம் ஒன்று வருகிறது. தனியாக நன்கு நிரல் எழுதுபவர்கள்கூட அப்போது தடுமாறுவதுண்டு. வேலையைப் பங்கிட்டுக்கொள்வது எளிது. பங்கிட்ட வேலைகளை ஒன்றுசேர்ப்பது அரிது. அந்த அருமை எங்கிருந்து எழுகிறது, அதனை வெல்லும் வழிகள் யாவை என்பதை இப்பாடம் விளக்குகிறது.

ஊர்கள் பல, நாள் ஒன்று

தாமிரபரணிக் கரையில், தூத்துக்குடி மாவட்டத்தில் அமைந்துள்ளது ஆழ்வார்திருநகரி. நம்மாழ்வார் பிறந்த ஊர் இது. இவ்வூரையும் உள்ளடக்கிய ஒன்பது திருத்தலங்கள் நவதிருப்பதி என வழங்கப்படுகின்றன. வைகாசித் திருவிழாவின்போது ஒன்பது கோயில்களின் பெருமாள்களும் ஆழ்வார்திருநகரியில் கருட வாகனத்தில் ஒருசேர எழுந்தருளுகின்றனர். கருட சேவை எனப்படும் இவ்விழாவைக் காணச் சுற்றுவட்டார மக்கள் திரள்கின்றனர்.

ஒவ்வொரு கோயிலுக்கும் தனித்த அலங்காரம் உண்டு. வாகனத்தைத் தோளில் சுமப்போர் உண்டு. வழிவழி வந்த வழக்கங்கள் உண்டு. அலங்காரத்தை எவ்வாறு செய்ய வேண்டும் என்று ஓர் ஊர் மற்றோர் ஊருக்குச் சொல்வதில்லை. ஆனால் எந்த நாளில், எந்த இடத்தில், எந்த முறையில் கூடுவது என்பது அனைவரும் அறிந்த ஏற்பாடு. தத்தமக்குரிய வேலையில் உரிமை, கூடும் இடத்தில் உடன்பாடு என்னும் இவ்விரண்டும் சேர்ந்ததே கூட்டுப்பணி. பலர் சேர்ந்து எழுதும் கணினி நிரலுக்கும் இதுவே அடிப்படை.

பங்கீடு முடிந்தது, பணி முடிந்ததா?

ஆழ்வார்திருநகரியிலிருந்து திருநெல்வேலிக்கு நாள்தோறும் தொடர்வண்டியில் சென்று கல்லூரியில் பயிலும் மாணவி ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். நால்வர் கொண்ட குழுவில் அவரும் ஒருவர். ஏனைய மூவரும் விடுதியில் தங்கிப் பயில்பவர்கள். கிளை நூலகம் ஒன்றின் புத்தக வழங்கலைக் கணினிவழி நடத்துவதற்கான நிரலை எழுதுவது அக்குழுவின் செயல்திட்டம்.

முதல் நாளிலேயே பங்கீடு முடிந்துவிடுகிறது. விவரங்களை உள்ளிடும் திரையை ஒருவர் அமைக்க வேண்டும். உறுப்பினர், புத்தகம், திருப்பித்தர வேண்டிய நாள் ஆகியவற்றைச் சேமிக்கும் தரவுத்தளம் இன்னொருவருடையது. அறிக்கைகளை அச்சிடும் பகுதியை மூன்றாமவர் ஏற்கிறார். தாமதக் கட்டணத்தைக் கணக்கிடும் செயற்கூறு ஊரிலிருந்து வரும் மாணவியின் பங்கு. அவரவர் தத்தம் பகுதியை எழுதிச் சோதித்துப் பார்க்கின்றனர். நான்கு பகுதிகளும் தனித்தனியே சரியாக இயங்குகின்றன. ஒப்படைக்கும் நாளுக்கு முந்தைய இரவில் அவற்றை இணைக்கும்போது சிக்கல் தொடங்குகிறது.

தரவுத்தளத்தை அமைத்தவர் நாளை முதலிலும் மாதத்தை அடுத்தும் எழுதியிருக்கிறார். கட்டணக் கணக்கை எழுதிய மாணவியோ மாதத்தை முதலிலும் நாளை அடுத்தும் கொண்டிருக்கிறார். ‘05-06’ என்பது ஒருவருக்கு ஜூன் 5. மற்றவருக்கு மே 6. ஜூன் 5ஆம் நாளுக்குள் தர வேண்டிய புத்தகத்தை ஓர் உறுப்பினர் ஜூன் 3ஆம் நாளிலேயே திருப்பித் தருகிறார். இரண்டு நாள் முன்னதாகத் தந்தவரிடம் 28 நாள் தாமதத்திற்கான கட்டணத்தைக் கேட்கிறது நிரல். ‘20-06’ என்னும் நாள் வந்தால் இருபதாவது மாதம் என்று ஒன்று இல்லாமையால் நிரல் நின்றே போகிறது. ‘05-05’ போன்ற நாள்களில் மட்டும் எல்லாம் சரியாகத் தோன்றுகிறது.

இப்பிழை யாருடையது? தரவுத்தளம் தன்னளவில் சரி. கணக்கும் தன்னளவில் சரி. நாளை எந்த வரிசையில் எழுதுவது என்பதை விடுதியில் ஒரு மாலைப்பொழுதில் மூவரும் பேசி முடிவுசெய்திருந்தனர். அவ்வேளையில் நான்காமவர் ஊருக்குத் திரும்பும் தொடர்வண்டியில் இருந்தார். முடிவு எங்கும் எழுதப்படவில்லை. அவருக்குச் சொல்லப்படவும் இல்லை. ஆயினும் தவறான தொகையைக் காட்டுவது அவர் எழுதிய பகுதியாதலால் குற்றம் அவர்மேல் விழுகிறது. உண்மையில் பிழை எவருடைய பகுதியிலும் இல்லை. இரண்டு பகுதிகள் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. அவ்விடத்தைக் கணினியியலார் இடைமுகம் என்பர். அதற்குத் தனியொருவர் உரிமையாளர் அல்லர். ஆகவே அதனை எவரும் தம் பொறுப்பாகக் கருதுவதில்லை.

விண்வெளியிலும் நேர்ந்த பிழை

இது மாணவர்களின் கவனக்குறைவு என்று ஒதுக்கத்தக்கதன்று. செவ்வாயின் காலநிலையை ஆராய அமெரிக்காவின் நாசா ஒரு விண்கலத்தை 1998 டிசம்பரில் ஏவியது. ஒன்பது மாதப் பயணத்திற்குப் பின், 1999 செப்டம்பர் 23 அன்று, செவ்வாயைச் சுற்றத் தொடங்க வேண்டிய நேரத்தில் அக்கலம் தொலைந்துபோனது. உந்துபொறிகளின் விளைவைக் கணக்கிட்ட தரைநிலைய மென்பொருள் விடைகளைப் பவுண்டு–விநாடி அலகில் தந்தது. அவ்விடைகளைப் பெற்றுப் பயணப் பாதையைக் கணித்தவர்களோ அவை நியூட்டன்–விநாடி அலகில் இருப்பதாகக் கொண்டனர். ஒரு பவுண்டு விசை ஏறத்தாழ 4.45 நியூட்டனுக்குச் சமம். சிறு சிறு வேறுபாடுகள் மாதக்கணக்கில் சேர்ந்து, கலத்தைச் செவ்வாய்க்கு மிக அருகில் கொண்டுசென்றுவிட்டன.

அங்கும் இரு தரப்பினர் கூட்டல் கழித்தல் அறியாதவர்கள் அல்லர். ஒரு தரப்பினர் தந்த எண்ணை மறு தரப்பினர் எப்பொருளில் பெறுகின்றனர் என்பதே சரிபார்க்கப்படாமல் போயிற்று. நூலக நிரலில் நாளுக்கு நேர்ந்தது இங்கு அலகுக்கு நேர்ந்தது.

ஆள் கூடினால் வேகம் கூடுமா?

வேலை தாமதமாகும்போது இன்னும் சிலரைச் சேர்த்தால் விரைவில் முடியும் என்று எண்ணுவது இயல்பு. நாற்று நடவில் அது உண்மையாகலாம். நிரலாக்கத்தில் அவ்வாறு அமைவதில்லை. இருவர் கொண்ட குழுவில் பேச வேண்டிய இணை ஒன்றே. நால்வர் குழுவில் ஆறு இணைகள். எண்மர் குழுவில் 28 இணைகள். ஆள்கள் இரு மடங்காகும்போது ஒருவருக்கொருவர் தெரிவிக்க வேண்டிய வழிகள் நான்கு மடங்குக்கும் மேல் பெருகுகின்றன.

ஐ.பி.எம். நிறுவனத்தின் மிகப் பெரிய இயக்க அமைப்பு ஒன்றின் உருவாக்கத்திற்குத் தலைமை ஏற்றவர் பிரெடெரிக் புரூக்ஸ். அப்பட்டறிவைக்கொண்டு 1975இல் அவர் ஒரு நூல் எழுதினார். தாமதமான மென்பொருள் பணியில் மேலும் ஆள்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்பது அவர் கண்ட முடிவு. புதிதாக வருபவருக்குக் கற்றுக்கொடுப்பதில் பழையவர்களின் நேரம் செலவாகிறது. பேச வேண்டிய இணைகளும் கூடுகின்றன. இன்று இம்முடிவு அவர் பெயராலேயே புரூக்ஸ் விதி எனப்படுகிறது.

> தெரிந்து தெளிவோம்
> ஒரு குழுவில் உள்ளோரின் எண்ணிக்கையை அதனினும் ஒன்று குறைந்த எண்ணால் பெருக்கி, இரண்டால் வகுத்தால், பேச வேண்டிய இணைகளின் எண்ணிக்கை கிடைக்கும். நால்வருக்கு 4 × 3 ÷ 2 = 6. ஒன்பதின்மருக்கு 9 × 8 ÷ 2 = 36.

ஒருவர் நின்றால் ஐவரும் நிற்பர்

குழுப்பணியில் ஒருவருடைய பகுதி மற்றவர்களுடைய பகுதிகளுக்கு அடித்தளமாக அமைவதுண்டு. நாட்டின் குடியரசுத் தலைவராக விளங்கிய ஆ.ப.ஜெ. அப்துல் கலாம், சென்னைக் குரோம்பேட்டையிலுள்ள மெட்ராஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் வானூர்திப் பொறியியல் பயின்றபோது அவருக்கு நேர்ந்தது இதனை விளக்கும். தாழ்வாகப் பறந்து தாக்கும் போர் விமானம் ஒன்றை வடிவமைக்கும் பணி அவருக்கும் நண்பர்கள் நால்வருக்கும் தரப்பட்டது. காற்றியக்க வடிவமைப்பைக் கலாம் ஏற்றார். உந்துபொறி, கட்டமைப்பு, கட்டுப்பாடு, கருவிகள் ஆகியவற்றை மற்ற நால்வரும் ஏற்றனர்.

வேலையின் நிலையைப் பார்த்த பேராசிரியர் சீனிவாசன் நிறைவடையவில்லை. ஒரு மாத அவகாசம் கேட்ட கலாமுக்கு அவர் மூன்று நாள்களே தந்தார். அதற்குள் வரைபடம் வராவிடில் கல்வி உதவித்தொகை நிறுத்தப்படும் என்றும் எச்சரித்தார். உதவித்தொகை நின்றால் படிப்பே நின்றுவிடும் நிலையில் இருந்தார் கலாம். இரவு உணவையும் விடுத்து வரைபலகையின்முன் உழைத்துப் பணியை நிறைவுக்குக் கொண்டுவந்தார். பேராசிரியரின் பாராட்டையும் பெற்றார். இந்நிகழ்வை அக்னிச் சிறகுகள் நூலில் அவரே பதிவுசெய்திருக்கிறார்.

இந்நிகழ்வைக் கடின உழைப்பின் பெருமைக்குச் சான்றாகக் கூறுவது வழக்கம். கூட்டுப்பணியின் கண்கொண்டு பார்த்தால் வேறொன்றும் புலப்படும். விமானத்தின் புறவடிவம் முடிவாகாமல் இறக்கைக்குள் அமையும் கட்டமைப்பை எவ்வாறு முடிவுசெய்வது? எடையும் தடையும் தெரியாமல் உந்துபொறியின் ஆற்றலை எவ்வாறு கணக்கிடுவது? ஆகவே எந்தப் பகுதி எதனைச் சார்ந்திருக்கிறது என்பதைப் பங்கிடும் நாளிலேயே அறிந்து, பிறர் காத்திருக்கும் பகுதியை முதலில் முடிப்பது குழுவின் கடமையாகிறது.

இருவகைத் தீங்கு

குழுவாகச் செய்யும் செயல்திட்டங்களில் மாணவர்கள் மிகுதியாக வருந்துவது மதிப்பெண் குறித்தே. உழைக்காதவரும் உழைத்தவரும் ஒரே மதிப்பெண் பெறும்போது உழைத்தவர் மனம் புண்படுகிறது. அவ்வருத்தம் நியாயமானது. பெயரை மட்டும் தந்துவிட்டு ஒதுங்கியிருப்பது பிறர் உழைப்பைக் கவர்வதற்கு ஒப்பாகும்.

இதற்கு எதிரான தீங்கும் உண்டு. நன்றாக நிரல் எழுதத் தெரிந்த ஒருவர், பிறர் எழுதுவது மெதுவாக இருக்கிறது என்று கருதி, ஓர் இரவில் முழு நிரலையும் தாமே எழுதிவிடுகிறார். நிரல் இயங்குகிறது, மதிப்பெண்ணும் கிடைக்கிறது. ஆனால் வாய்மொழித் தேர்வில் ஒரு வரிக்கு விளக்கம் கேட்டால் மற்ற மூவரும் வாய் திறக்க இயலாமல் நிற்கின்றனர். உதவி என்று எண்ணிச் செய்தது அவர்களின் கற்கும் வாய்ப்பைப் பறித்துவிட்டது. எழுதியவருக்கும் இழப்பே. பிறர் எழுதிய நிரலைப் படிக்கவும், தம் நிரலைப் பிறர் புரிந்துகொள்ளும்படி எழுதவும் அவர் கற்கவில்லை. பணியிடத்தில் அவருக்கு நாள்தோறும் வேண்டப்படுவது அத்திறனே.

பாடவேறுபாடும் பதிப்புக் கட்டுப்பாடும்

ஒரே நிரலில் பலர் திருத்தம் செய்யும்போது எது புதியது, எது பழையது, எதனை யார் மாற்றினார் என்னும் குழப்பம் எழுகிறது. இது தமிழ்ப் பதிப்புலகம் நன்கு அறிந்த சிக்கல். பத்துப்பாட்டு ஏடுகளைத் தேடிவந்த உ.வே. சாமிநாதையர், ஆழ்வார்திருநகரியில் கவிராயர்களின் இல்லங்களில் ஏடுகளைக் கண்டார். படியெடுத்தவர்களின் கைகளில் பாடல்கள் மாறியிருக்கும். ஓர் ஏட்டில் இருக்கும் சொல் மற்றோர் ஏட்டில் வேறாக இருக்கும். பல ஏடுகளை ஒப்புநோக்கிப் பொருந்தும் பாடத்தைத் தேர்வதும் வேறு பாடங்களைக் குறித்துவைப்பதும் பதிப்பாசிரியரின் பணி. அவ்வுழைப்பின் பயனாகப் பத்துப்பாட்டுப் பதிப்பு 1889இல் வெளிவந்தது.

நிரலாக்கத்தில் இப்பணிக்குத் துணைநிற்பது பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள். ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது, 1991இல், லினக்ஸ் என்னும் இயக்க அமைப்பின் கருவை எழுதத் தொடங்கியவர் லினஸ் டோர்வால்ட்ஸ். உலகெங்கும் இருந்து பலர் அதில் பங்கேற்கவே, அவர்களின் திருத்தங்களை ஒழுங்குபடுத்த 2005இல் ‘கிட்’ என்னும் மென்பொருளை உருவாக்கினார். ஒவ்வொரு மாற்றமும் யாரால், எப்போது, எதற்காகச் செய்யப்பட்டது என்பதை அது காத்துவைக்கிறது. ஒரே வரியை இருவர் வெவ்வேறாக மாற்றியிருந்தால் இரண்டையும் காட்டி நின்றுவிடுகிறது. எதனைக் கொள்வது என்று முடிவுசெய்ய அவ்விருவரும் பேசியே ஆக வேண்டும். கருவி வேறுபாட்டைக் காட்டும். உடன்பாட்டை மனிதரே எட்ட வேண்டும்.

கூடும் இடத்தைக் காத்தல்

மேற்கண்ட சிக்கல்களைத் தவிர்க்கும் வழிகள் கடினமானவை அல்ல.

முதலாவது, எழுதிவைத்தல். ஒரு பகுதி மற்றொரு பகுதிக்கு எதனை, எந்த வடிவில், எந்த அலகில் தரும் என்பதை நிரல் எழுதும் முன்பே ஒரு தாளில் எழுதி நால்வரும் வைத்திருக்க வேண்டும். ‘நாள் முதலில், மாதம் அடுத்து, ஆண்டு இறுதியில்’ என்னும் ஒரு வரி இருந்திருந்தால் நூலக நிரல் பிழைத்திருக்கும்.

இரண்டாவது, விரைந்து இணைத்தல். பகுதிகள் முழுமை பெறும்வரை காத்திராமல், முதல் வாரத்திலேயே அரைகுறைப் பகுதிகளை இணைத்து இயக்கிப் பார்க்க வேண்டும். முதல் வாரத்தில் வெளிப்படும் முரண்பாட்டைச் சில நிமிடங்களில் தீர்க்கலாம்; இறுதி இரவில் வெளிப்படுவது குழுவையே பிரித்துவிடும்.

மூன்றாவது, மாற்றிப் படித்தல். ஒருவர் எழுதியதை இன்னொருவர் வரிவரியாகப் படித்து வினவ வேண்டும். தாமே அமைத்த சோதனைத் தரவு தம் கருத்தையே உறுதிசெய்யும். பிறர் தரும் தரவே அதனை ஐயுறும்.

நான்காவது, இல்லாதவரையும் எண்ணுதல். தொலைவிலிருந்து வருபவர், பேசத் தயங்குபவர், மெதுவாகக் கற்பவர் ஆகியோரை விட்டுவிட்டு எடுக்கும் முடிவு விரைவாகத் தோன்றும். அம்முடிவு அவர்களுடைய பகுதியைத் தொடும்போது அவ்விரைவின் விலை தெரியவரும்.

செயல்திட்டம் முடிந்து மதிப்பெண் பட்டியல் வெளிவந்தபின் அந்நிரலைப் பெரும்பாலும் எவரும் இயக்குவதில்லை. எஞ்சி நிற்பது அதனை எழுதியவர்களின் பழக்கமே. தம் வேலை பிறர் வேலையைத் தொடும் இடத்தில் ஒரு கணம் நின்று, “நான் சொன்னதை நீங்கள் எவ்வாறு புரிந்துகொண்டீர்கள்?” என்று கேட்கக் கற்றவர், மருத்துவமனையிலோ அலுவலகத்திலோ வயலிலோ எங்குச் சென்றாலும் நல்ல துணைவராக விளங்குவார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர்த் திருவிழா ஒன்றில் யார் யார் எந்தெந்தப் பொறுப்பை ஏற்கின்றனர், அப்பொறுப்புகள் எங்கெங்கே ஒன்றையொன்று சார்ந்துள்ளன என்பதைப் பட்டியலிடுக.
2. நால்வர் கொண்ட குழுவாகப் பிரிந்து பள்ளி நூலகப் பதிவேட்டுக்கான விவரங்களைத் திரட்டுக. திரட்டும் முன்பு செய்துகொள்ள வேண்டிய உடன்பாடுகளை ஒரு பக்க அளவில் எழுதுக.
3. ‘குழுச் செயல்திட்டத்தில் அனைவருக்கும் ஒரே மதிப்பெண் வழங்குவது முறையா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.