வயிற்றுச் சுவரை உள்ளிருந்து செப்பனிடுதல்

திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை விரிந்த தொழில்நிலத்தில் வல்லம் வடகால் சிப்காட் வளாகம் அமைந்துள்ளது. அங்கே 2024 ஆகஸ்டில் 18,720 பெண் தொழிலாளர் தங்குவதற்குரிய விடுதி திறக்கப்பட்டது. தூக்குதலும் குனிதலும் நெடுநேரம் நிற்றலும் அன்றாடமாகிவிட்ட அம்மண்ணில், குடலிறக்க நோயைப் பற்றிக் கூச்சமின்றிப் பேசியாக வேண்டும். தொப்புளருகே எழுந்த புடைப்பை ஆடைக்குள் மறைத்துக்கொண்டு பணிக்குச் செல்வோர் எந்தத் தொழில் ஊரிலும் உண்டு.

வயிற்றின் முன்சுவர் தோல், கொழுப்பு, தசை, தசையைப் பொதிந்த உறுதியான நார்ப்படலம் என அடுக்கடுக்காக அமைந்தது. நடுவில் மேலிருந்து கீழாக ஓடும் வெண்ணிற நார்க்கோட்டில் தசை கிடையாது. தொப்புள் அக்கோட்டில் உள்ள வலுக்குன்றிய வாயில். முன்பு செய்த அறுவையின் தழும்பும் அத்தகையதே. அமைதியாகப் படுத்திருக்கையில் வயிற்றினுள் அழுத்தம் பாதரச அளவில் ஒற்றை இலக்க மில்லிமீட்டர்தான். வலுவாக இருமினால் அது 100ஐக் கடக்கும். படலம் விலகிய துளையில் அவ்வழுத்தம் கொழுப்பையோ குடலையோ வெளியே தள்ளுகிறது; அதுவே குடலிறக்கம். சுமை தூக்கியதால் மட்டுமே நோய் வந்தது என்று பலர் கருதுவர். முன்னரே இருந்த நலிவைச் சுமை வெளிக்காட்டியது என்பதே பெரும்பாலும் பொருந்தும். உடற்பருமன், தீராத இருமல், புகைப்பழக்கம், மகப்பேறு ஆகியவை அந்நலிவை வளர்ப்பவை. வளர்ந்தவர்க்கு இத்துளை மருந்தாலோ இடுப்புப் பட்டையாலோ மூடாது.

தையலிட்டு இழுத்து மூடினால் போதாதா? நெதர்லாந்து ஆய்வாளர்கள் தழும்பில் தோன்றிய குடலிறக்கங்களைப் பத்தாண்டு தொடர்ந்து நோக்கி, 2004இல் விடை தந்தனர். தையல் மட்டும் இட்டவர்களில் 63 விழுக்காட்டினர்க்கு நோய் மீண்டது. துளையின்மேல் செயற்கை இழைவலை வைத்தவர்களில் 32 விழுக்காட்டினர்க்கு மீண்டது. நலிந்த திசுவை இழுத்துக் கட்டும்போது தையலே அதை அறுக்கிறது. வலையோ இழுவிசையைப் பரப்பிவிடுகிறது. அதன் கண்களுக்குள் உடலின் நார்த்திசு ஊடுருவி வளர்கிறது.

அவ்வலையை எங்கே வைப்பது என்பதில்தான் இம்மருத்துவத்தின் நுட்பம் அடங்கியுள்ளது. நீர்த்தொட்டியின் ஓட்டையை வெளிப்புறமிருந்து ஒட்டினால் நீரின் அழுத்தம் ஒட்டைப் பெயர்க்கப் பார்க்கும். உட்புறத்தில் ஒட்டினால் அதே அழுத்தம் ஒட்டினைச் சுவரோடு சேர்த்து அமுக்கும். நோயை உண்டாக்கிய விசை வலைக்குக் காவலாகிறது! லேப்பராஸ்கோப்பி எனும் நுண்துளை அறுவையின் பெருமை தழும்பு சிறிதாவதில் உள்ளது என்று எண்ணுவோர்க்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: நீண்ட வெட்டின்றி உட்சுவரை எட்ட முடிகிறதே, அதுவே அதன் பெரும்பேறு.

முழு மயக்கத்தில் நோயாளியின் வயிற்றினுள் கரியமில வாயுவை 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் செலுத்துவர். சுவர் கூடாரம்போல் உயரும். 5 அல்லது 10 மில்லிமீட்டர் அகலமுள்ள சில துளைகள் வழியே ஒளிப்படக் கருவியும் நீண்ட இடுக்கிகளும் நுழையும். குடலிறக்கத் துளைக்குள் சிக்கிய குடலை மெல்ல விடுவித்து, அத்துளையின் எல்லாப் பக்கமும் பல சென்டிமீட்டர் கடந்து படியுமாறு வலையை விரித்துப் பொருத்துவர். அமெரிக்காவில் லெப்ளாங்க் என்பாரும் அவருடன் பணியாற்றியவரும் 1993இல் இம்முறையை வெளியிட்டனர். இந்தியாவில் நுண்துளை வழியே பித்தப்பையை அகற்றும் அறுவையை மும்பையில் தெகம்டன் உத்வாடியா 1990இல் தொடங்கிவைத்தார். தமிழகத்தில் நுண்துளை அறுவைத் துறையை வளர்த்த முன்னோடி கோயம்புத்தூர் மருத்துவர் சி. பழனிவேலு. துளையை முதலில் உள்ளிருந்தே தையலிட்டு மூடி, அதன்மேல் வலை பொருத்திய தம் குழுவின் பட்டறிவை அவர் 2007இல் பன்னாட்டு இதழில் எழுதினார்.

குடலைத் தொடும் வலையில் ஓர் இடர் உண்டு. வெறும் பாலிப்ரொப்பிலீன் வலையில் குடல் ஒட்டிக்கொள்ளும். ஆதலால் குடற்பக்கம் காப்புப் பூச்சுள்ள வலை வேண்டும். அதன் விலை மிகுதி. அண்மை ஆண்டுகளில் பரவிவரும் மற்றொரு வழி, வயிற்றுச் சுவரின் நேர்த்தசைக்கும் அதன் பின்னுறைக்கும் இடையே நுண்துளையாகவே புகுந்து அங்கு வலையை விரிப்பது. பிரெஞ்சு மருத்துவர்கள் ரீவ், ஸ்டோப்பா ஆகியோர் திறந்த அறுவையில் காட்டிய தடம் இது. குடலைத் தொடாமையால் எளிய வலையே போதும். கூடுதல் நேரமும் தேர்ந்த கையும் வேண்டும் எனினும், இவ்வழி எளியோர்க்கு ஏற்றது என்பது என் துணிபு. மிக அகன்ற துளைக்கும் குடல் அழுகிய நிலைக்கும் திறந்த அறுவையே பெரும்பாலும் தக்கது. அதைத் தாழ்வாக எண்ணலாகாது.

தொழிலாளர்க்கு ஒரு சொல். தோலில் தெரியும் காயம் சிறிதாகையால் உட்சுவரும் விரைந்து ஆறிவிட்டது என்று மயங்காதீர்கள். திசு வலையைப் பற்றிக்கொள்ளக் கிழமைகள் பல ஆகும். மருத்துவர் இசையும் வரை பளு தூக்காதீர்கள். தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ. திட்டத்தில் உரிய சந்தா செலுத்தியோர்க்கு, ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட, நோய்விடுப்பில் ஆண்டுக்கு 91 நாள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு கிடைக்கும். அதைக் கேட்டுப் பெறுங்கள். புடைப்பு திடீரென உள்ளே செல்லாமல் இறுகி, கடுவலியும் வாந்தியும் கண்டால் பணிமுறை முடியும் வரை காத்திராதீர்கள். அந்நேரமே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.