உங்களுக்குத் தெரியுமா? கரிசல் காட்டுச் சொற்கள்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் மழை எவ்வளவு பெய்தது என்று கேட்டால், 'ஒரு உழவு மழை' என்பார்கள். ஏர் ஒருமுறை ஓடும் அளவுக்கு ஈரம் இறங்கியிருக்கிறது என்று பொருள். மழை வெறித்ததும் சம்சாரி காட்டுக்குப் போவார். மேல்மண்ணைக் கிளறிப் பார்ப்பார். அடியில் புழுதி தட்டினால் விதைக்க மாட்டார். மில்லிமீட்டர் கணக்கு வானம் கொடுத்த தண்ணீரைச் சொல்லும். உழவு மழைக் கணக்கு மண் வாங்கிக்கொண்ட தண்ணீரைச் சொல்லும். மானாவாரி விதைப்புக்கு வேண்டியது இரண்டாவது கணக்குதான்.

மேலே சொன்ன 'காடு' வனம் அல்ல. வானம் பார்த்த புன்செய்க்கு இங்கே அதுதான் பெயர். பருத்திக்காடு, கம்பங்காடு, மிளகாய்க்காடு. அதில் பாடுபடுகிறவர் சம்சாரி. மற்ற ஊர்களில் இந்தச் சொல் குடும்பஸ்தரைக் குறிக்கும். இங்கே விவசாயியைக் குறிக்கும்.

கடையில் 'வத்தல், மல்லி' என்று கேட்டால் காய்ந்த மிளகாயும் கொத்தமல்லி விதையும் வரும். தலையில் வைப்பது மல்லிகைப்பூ. கஞ்சிக்குத் தொட்டுக்கொள்வது வெஞ்சனம். அண்ணன் மனைவி மதினி.

களத்தில் தானியம் அளக்கும்போது முதல் மரக்காலை 'ஒன்று' என்று எண்ணுவதில்லை. 'லாபம்' என்பார்கள். அடுத்ததுதான் 'ரெண்டு'.

வடக்கே ஏரி, நெல்லைச் சீமையில் குளம், இங்கே கண்மாய். பேச்சில் கம்மாய். மழைத் தண்ணீர் வந்து தேங்கும் பரப்பு உள்வாய். வயலுக்குத் தண்ணீர் விடுவது மடை. மிஞ்சிய தண்ணீர் வெளியேறுவது கலுங்கு. அப்படி வெளியேறினால் 'மறுகால் பாயுது' என்பார்கள், ஊருக்கே கொண்டாட்டம். குடிதண்ணீருக்குத் தனியாக ஊருணி. ஆண்டு முழுக்க ஓடும் ஆறு இல்லாத சீமை இது. திருச்சுழியைத் தொட்டுப் போகும் குண்டாறும் மழைக்காலத்து ஆறுதான். ஒவ்வொரு சொட்டையும் பிடித்துவைக்க வேண்டியிருந்ததால், தண்ணீர் நிற்கும் இடத்துக்கும் போகும் வழிக்கும் தனித்தனிப் பெயர் வைத்தார்கள். இந்தச் சொற்கள் வாயிலிருந்து போகிற வேகத்தில்தான் கண்மாய்களும் தூர்ந்து போகின்றன என்பது என் கவலை.

இந்தப் பேச்சையெல்லாம் அள்ளி ஒரு அகராதியாக்கியவர் இடைசெவல் ஊரைச் சேர்ந்த எழுத்தாளர் கி.ராஜநாராயணன். அவருடைய வட்டார வழக்குச் சொல்லகராதி 1982இல் வெளிவந்தது. பள்ளிப் படிப்பை முடிக்காதவர். பின்னாளில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக அமர்ந்தார். இன்னொன்றையும் கவனியுங்கள்: அவர் வீட்டு மொழி தெலுங்கு. அருப்புக்கோட்டையிலும் தெலுங்கும் கன்னடமும் வீட்டில் பேசும் நெசவாளர் குடும்பங்கள் உண்டு. கரிசல் தமிழ் இவர்கள் எல்லோருக்கும் பொதுச் சொத்து.

இங்கிலாந்திலும் இப்படி ஒருவர் இருந்தார். யார்க்‌ஷயரில் 1855இல் பிறந்த ஜோசப் ரைட். சிறுவனாகவே கம்பளி ஆலை வேலைக்குப் போனவர். எழுதப் படிக்கக் கற்றதே 15 வயதுவாக்கில். அவர்தான் பிறகு ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியராகி, ஆங்கில வட்டாரச் சொற்களை 6 தொகுதிகளாக 1898 முதல் 1905 வரை வெளியிட்டார். ஒவ்வொரு சொல்லும் எந்த மாவட்டத்தில் வழங்குகிறது என்று குறித்திருக்கிறார். எழுத்தாளர் டோல்கியன் இவருடைய மாணவர்.

வட்டாரச் சொல்லைக் கொச்சை என்று ஒதுக்குகிறவர்கள் தொல்காப்பியத்தைப் புரட்டட்டும். செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த பன்னிரு நிலத்தாரின் சொற்களைத் 'திசைச்சொல்' என்று வகுத்து, செய்யுளில் இடமும் கொடுத்திருக்கிறது அது.

இன்றைய எழுத்திலும் கரிசலுக்கு இடம் உண்டு. காரியாபட்டி அருகிலுள்ள மல்லாங்கிணறு, எழுத்தாளர் எஸ்.ராமகிருஷ்ணனின் ஊர். கரிசல் நாதஸ்வரக் கலைஞர்களைப் பற்றிய அவருடைய 'சஞ்சாரம்' நாவலுக்கு 2018இல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. கவிஞர் தமிழச்சி தங்கபாண்டியனும் அதே ஊர்தான். 'எஞ்சோட்டுப் பெண்' என்று கவிதை நூலுக்குப் பெயர் வைத்தார். சோட்டு என்றால் ஒத்த வயது. பாட்டிமார் வாயிலிருந்த சொல் புத்தக அட்டைக்கு வந்துவிட்டது.

நரிக்குடி, பரளச்சி, பந்தல்குடி, காரியாபட்டி வாசகர்களே, உங்கள் அப்பத்தாவும் அம்மாச்சியும் சொல்லும் சொற்களை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எந்த ஊர், என்ன வேலையின்போது சொன்னது என்பதையும் சேர்த்துக் குறியுங்கள். அகராதிக்கு அந்த விவரம்தான் முக்கியம்.