அழித்த கோப்புகள் எங்கே போகின்றன?

விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடித்துக்கொண்டது. அதன்பிறகு உறவினர் வீடுகளில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி, “பழைய கணினியை யாருக்காவது கொடுத்துவிடலாமா?” என்பதுதான். கொடுக்கலாம். ஆனால், அழித்துவிட்டதாக நாம் நினைப்பவை உண்மையிலேயே அழிந்துவிட்டனவா என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஈசூனில் உள்ள என் பெரியம்மா வீட்டில் நால்வருக்கும் ஒரே கணினி; ஆளுக்கொரு கணக்கு. இடமில்லை என்ற எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது. “குப்பைத் தொட்டி காலியாத்தானே இருக்கு?” என்றார் அண்ணன். அவர் தொட்டி காலிதான். மற்ற மூவரின் தொட்டிகள் நிறைந்திருந்தன.

பலருக்கும் தெரியாத விஷயம் இது. திரையில் தெரியும் ‘ரீசைக்கிள் பின்’ வெறும் முகப்புதான். ஒவ்வொரு வட்டிலும் டாலர் குறியுடன் தொடங்கும் ‘ரீசைக்கிள்.பின்’ என்ற மறைந்த கோப்புறை இருக்கிறது. அதற்குள் ஒவ்வொரு பயனாளருக்கும் தனி அறை. ஒரு கோப்பை அழித்ததும் அது பெயர் மாறி அங்கே போய் உட்காருகிறது. அதன் பழைய இடம், அளவு, அழித்த நேரம் ஆகியவை பக்கத்திலேயே ஒரு சிறு கோப்பில் பதிவாகின்றன. ‘ரிஸ்டோர்’ என்றதும் கோப்பு பழைய இடத்திற்கே திரும்புவது இதனால்தான்.

எனவே, ஒருவர் தொட்டியைக் காலி செய்தால் அவருடைய அறை மட்டுமே காலியாகும். நால்வரும் தங்கள் கணக்கில் நுழைந்து காலி செய்தபோது பெரியம்மா வீட்டுக் கணினி மூச்சுவிட்டது. அந்தத் தொட்டிகளில் பழைய பாடக் காணொளிகளோடு அடையாள அட்டையின் படமும் வருமான வரிக் கடிதமும் கிடந்தன. இடப் பற்றாக்குறையைவிட அதுதான் எனக்குக் கவலை தந்தது.

‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘ஸ்டோரேஜ் சென்ஸ்’ வசதியை முடுக்கிவிட்டால், 30 நாள்களுக்கு மேல் தொட்டியில் கிடப்பவை தாமாகவே நீங்கும்படி செய்யலாம். மேக் கணினியிலும் மறைந்த தொட்டி உண்டு. விரலியை மேக்கில் செருகிக் கோப்புகளை அழித்தால், அவை அந்த விரலியிலேயே மறைந்திருக்கும். மேக்கின் தொட்டியைக் காலி செய்த பிறகே விரலியில் இடம் கிடைக்கும்.

காலி செய்தாலும் போதாது

தொட்டியைக் காலி செய்வது, நூலகப் பட்டியலிலிருந்து புத்தகத்தின் பெயரை மட்டும் நீக்குவது போன்றது. புத்தகம் அலமாரியிலேயே இருக்கும். பழைய வகை வன்தட்டில் அதே இடத்தில் வேறு தரவு எழுதப்படும் வரை, மீட்பு மென்பொருளால் கோப்பை எடுத்துவிட முடியும். புதிய எஸ்எஸ்டி வட்டுகள் ‘டிரிம்’ என்ற முறையில் அழித்த பகுதிகளைத் தாமே துடைத்துக்கொள்வதால் மீட்பது கடினம்.

அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் சிம்சன் கார்ஃபிங்கலும் அபி ஷெலட்டும் 158 பழைய வன்தட்டுகளை வாங்கி ஆராய்ந்து, 2003ல் முடிவை வெளியிட்டனர். இயங்கிய 129 வட்டுகளில் 12 மட்டுமே முறையாகத் துடைக்கப்பட்டிருந்தன. கடன் அட்டை எண்கள்கூடக் கிடைத்தன.

தேக்காவிலிருந்து ரோச்சோர் பக்கம் நடந்தால் சிம் லிம் ஸ்குவேர் வந்துவிடும். பழைய கணினிகள் கைமாறும் இடம் அது. சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 டன் மின்கழிவு சேர்கிறது. 2021 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள தேசிய சுற்றுப்புற வாரியத்தின் திட்டத்தின்கீழ், கடைத்தொகுதிகளிலும் மின்கழிவுத் தொட்டிகள் வைக்கப்பட்டுள்ளன. கணினியை விற்றாலும் தொட்டியில் போட்டாலும், தரவைத் துடைப்பது நம் பொறுப்பு.

அதற்கான வழி எளிது. வேண்டியவற்றை வேறு வட்டில் சேமித்துக்கொள்ளுங்கள். பிறகு ‘ரீசெட் திஸ் பிசி’யில் ‘ரிமூவ் எவ்ரிதிங்’ என்பதையும், அதன்பின் ‘கிளீன் டேட்டா’ வசதியையும் தேர்ந்தெடுங்கள். இதற்குச் சில மணி நேரம் ஆகலாம். இரவில் தொடங்கிவிட்டுத் தூங்கப் போகலாம். கணினியே இயங்கவில்லை என்றால், வன்தட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுங்கள்.

வீட்டுப் பெரியவர்கள் ‘டிலீட்’ பொத்தானை நம்பிவிடுவார்கள். அதற்குப் பின்னால் இருக்கும் மறைந்த அறைகளை அவர்களுக்குக் காட்ட இளையர்களான நமக்கு ஒரு சனிக்கிழமை மாலை போதும்.