கவனமும் கணினியும்

நாஞ்சில் நாட்டு இடலாக்குடியிற் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907-ஆம் ஆண்டில் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்திப் புகழ்பெற்றார். அவதானம் என்னும் சொற்குக் கவனம் என்பதே பொருள். வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்போர், இலக்கண வினா எழுப்புவோர், மணியடிப்போர், முதுகில் நெல்மணி எறிவோர் என அவதானியைப் பலர் சூழ்ந்திருப்பர். அவர் அனைத்தையும் நினைவில் வைத்து விடை கூறுவார். எனினும் குறித்த நேரத்தில் அவை கலையும்.

அத்தகைய அருந்திறலை இன்று கைபேசி நம் ஒவ்வொருவரிடமும் நாள்தோறும் கேட்கின்றது. அதன் அவையோ கலைவதில்லை. கணக்கொன்றைத் தொடங்கிய மாணவர் அறிவிப்பொலி கேட்டு மனம் பெயர்கின்றார். மீண்டபின் விட்ட இடத்தைத் தேடிக் காலமும் தெளிவும் இழக்கின்றார். இதனை அவருடைய மனவுறுதியின் குறையென்றே நாம் கடிந்துரைக்கின்றோம். பொறியின் அமைப்பிலும் குற்றம் உண்டு என்பதே நம் கருத்து. செய்தி பெருகுமிடத்துக் கவனம் அருகும் என்பதை ஹெர்பர்ட் சைமன் என்னும் அமெரிக்க அறிஞர் 1971-ஆம் ஆண்டிலேயே விளக்கினார்.

அங்ஙனமாயின் கணினியை எவ்வாறு அமைத்தல் வேண்டும்? நம் தாமிரபரணியின் மருதூர் அணைக்கட்டை நோக்குக. அது நீரைத் தேக்கி உயர்த்தி, மடைவழியே வேண்டுமளவு கால்வாய்களில் விடுகின்றது. மிகுந்த நீர் அணைமேல் வழிந்தோடுகின்றது. அதுபோலக் கணினியும், அவசரமற்ற செய்திகளைத் தேக்கிவைத்து, ஒரு வேலை முடிந்து மற்றொன்று தொடங்கும் இடைவெளியில் தொகுத்து வழங்கலாம். இடையில் நின்ற வேலைக்கு நாம் மீளும்போது, விட்ட இடத்தைச் சுட்டிக் காட்டலாம்.

அறிவிக்க வேண்டியதையும் ஆரவாரமின்றி அறிவித்தல் கூடும். பாலோ ஆல்ட்டோ நகரத்து ஜெராக்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் நாட்டலி ஜெரமிஜென்கோ என்னும் கலைஞர், கூரையிலிருந்து 8 அடிக் கயிறொன்றைத் தொங்கவிட்டார். கணினி வலையில் செய்தி மிகுந்தால் அது வேகமாய்ச் சுழலும். குறைந்தால் சிறிதே அசையும். வேலை செய்வோர் தலைநிமிராமலே கடைக்கண்ணால் நிலைமையை அறிந்தனர். மார்க் வைசரும் ஜான் சீலி பிரௌனும் 1995-ஆம் ஆண்டில் இதனை அமைதியான தொழில்நுட்பத்திற்குச் சான்றாக எடுத்துரைத்தனர்.

வழி தெரிந்தும் பொறிகள் பல திருந்தாமை ஏன்? விளம்பர வருவாயால் வாழும் நிறுவனங்களுக்கு நம் கவனமே விலைச்சரக்கு. மடையைத் திறப்பவர் வேறு, பயிரிடுவோர் வேறு. நம் கல்லூரியினின்று நாளை நிரல் எழுதச் செல்லும் மாணவர்காள், நீவிர் அமைக்கும் மடை பயிருக்காகத் திறப்பதாகுக.